அம்மா சார்ஜ் போட்ட மருந்து

அந்த வார்டில் எனக்கு என்ன நோய் என்று முதலில் தெரிந்தவள் நான்தான். டாக்டர்களுக்கு நான்கு நாள் ஆனது. எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இப்போது சயான் ஸ்டேஷன் படிக்கட்டை நடுவில் நிற்காமல் ஏற முடிகிறது. அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஜெபமலர். வயது இருபத்து மூன்று. தாராவியில் பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்து, பிறகு இங்கிலீஷுக்கு மாறி, பி.எஸ்சி. முடித்தவள். ஐரோலியில் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். அமெரிக்காவில் யாருக்கோ கால் முறிந்தால், அங்குள்ள டாக்டர் எழுதியதைப் படித்து, இன்ஷூரன்ஸுக்காக அந்த முறிவுக்குரிய எண்ணைப் போடுவது எங்கள் வேலை. காய்ச்சலுக்கு ஒரு எண், நாய்க்கடிக்கு ஒரு எண். வேப் இழுத்து நுரையீரல் கெட்டுப்போனால் அதற்கும் தனி எண் உண்டு. நானே பல தடவை போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு, பிரேக்கில் மொட்டை மாடிக்குப் போய் வேப் இழுத்திருக்கிறேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் மூச்சைக் கெடுத்துக்கொண்டேன்.

வேப் தெரியாதவர்களுக்கு: விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், நிக்கோட்டின் கலந்த திரவம். வாயில் வைத்து இழுத்தால் கம்பி சூடாகி, திரவம் ஆவியாகி நெஞ்சுக்குள் போகும். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. மாம்பழம், புதினா, தர்பூசணி என்று மணக்கும். நம் நாட்டில் இதை விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் போனில் ஒரு மெசேஜ் போட்டால் ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதம் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். வீடு எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் மாட்டுங்கா என்று சொல்லி வைத்திருந்தேன். தாராவி என்று சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் ஒரு நொடி மாறும். அந்த ஒரு நொடியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மாட்டுங்கா என்றால், “ஓ, கோயில், ஃபில்டர் காபி” என்று சிரிப்பார்கள். ஆனால் பொய் சொன்னவளுக்கு யாரோடும் நெருங்கப் பயம். நாளைக்கே வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால்? அதனால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் ஆடிட்டில் தப்பு எண் போட்டதற்காக டீம் லீடர் எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்துவிட்டார். பக்கத்து சீட் தன்வி, செம்பூர்க்காரி, “வா” என்று மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். அங்கே நான்கைந்து பேர் வட்டமாக நின்றார்கள். ஒரே வேப் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் வந்ததும் வாங்கி இழுத்தேன். இருமினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் வாயிலிருந்து வாங்கியதைத் தன்வி துடைக்கவில்லை. அப்படியே தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

அம்மா முன்பு ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் வீட்டு வேலை பார்த்தாள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். அங்கே எங்களுக்கென்று ஒரு டம்ளர், ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். மொட்டை மாடியில் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது. நிக்கோட்டின் பிறகுதான் என்னைப் பிடித்தது. முதலில் பிடித்தது தன்வி துடைக்காமல் வைத்துக்கொண்டதுதான்.

நான் புகைக்கிறேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. புகைப்பது என் அப்பா. டெம்போ ஓட்டுகிறவர், பீடி குடிப்பார், அந்த நாற்றம் போர்வைவரை ஏறியிருக்கும். நான் செய்வது வேறு, படித்தவர்கள் செய்வது என்று எனக்குள் ஒரு கணக்கு. ஆறே மாதத்தில், அது இல்லாமல் ஒரு ஃபைல் முடிக்க முடியாது என்றானது. யாராவது அதட்டினால், ரயிலில் இடி பட்டால், சும்மா இருந்தால்கூடக் கை பையைத் தேடும்.

எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. அதில் ரகசியத்துக்கு இடம் கிடையாது. போன வருஷம் ஒருநாள் அம்மா என் பையிலிருந்து அதை எடுத்துவிட்டாள்.

“ஏட்டி, இது என்னது?”

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “மூச்சு மருந்தும்மா. ஆபீஸ் ஏசி ஒத்துக்கல. வீசிங். டாக்டர் குடுத்தாரு.”

மோந்து பார்த்தாள். “மருந்து இம்புட்டு இனிப்பா மணக்கு?”

“இப்பல்லாம் அப்படித்தாம்மா.”

அம்மாவுக்குத் தமிழ் பைபிள் வாசிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. அந்த ஞாயிறே சர்ச்சில் என் வீசிங்குக்கு ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து காலையில் வாசலில் நின்று வரிசையாகக் கேட்பாள்: டப்பா எடுத்தியா, ஐடி கார்டு எடுத்தியா, மருந்து எடுத்தியா? அதில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜ் போட வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தன் போனுக்கே சார்ஜ் போட மறக்கிறவள், ஃப்ரிட்ஜ் பக்கத்து பிளக்கில் அதைக் குத்தி, விளக்கு அணைந்ததும் துடைத்து என் பையில் வைப்பாள். இதை மொட்டை மாடியில் சொல்லி எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா இப்போது பிளாஸ்டிக் பிரிக்கிற கோடவுனில் வேலை பார்க்கிறாள். மும்பை முழுக்க வீசி எறிகிற பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாக அங்கே வரும். தரையில் உட்கார்ந்து, தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, ரகம் ரகமாகப் பிரிக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் மூன்று வேப்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“டவுண்லருந்து வந்த மூட்டையில கெடந்துச்சுட்டி. அடிக்கடி வருது. எத்தன பிள்ளையளுக்கு வீசிங் இருக்கு, பாவம். பாதி மருந்தோட தூக்கி எறிஞ்சிருக்காவ. ஒன் மருந்து வெல கூடுனதுன்னு சொன்னியே. டெட்டால் போட்டுத் தொடச்சிட்டேன்.”

தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்குச் சரக்கு கொண்டுவருகிறவன் போலீஸ் கெடுபிடியால் நான்கு நாளாக வரவில்லை. தலை வெடித்தது. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். “சரிம்மா, வையி” என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நீல நிறத்தில் இருந்ததை எடுத்தேன். இனிப்பாக இல்லை, தீய்ந்த எண்ணெய் மாதிரி இருந்தது. மூன்றே நாளில் அதைக் காலி செய்தேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கூடவே வாந்தி, வறட்டு இருமல். தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. தானேயில் ஐரோலி ரயிலுக்கு மாறும்போது பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. யாரோ ஒரு அம்மாள் என் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டார். அன்று மத்தியானமே, எங்கள் பக்கம் எல்லோரும் போகிற பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு எண்பத்தேழு. மூக்கில் குழாய் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டும், காற்று இருக்கிற இடம் கறுப்பு. என்னுடையதில் இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளை. அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷமே, நான் எண் போட்ட அமெரிக்கக்காரர்களின் ரிப்போர்ட் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

கேஸ் பேப்பரில் தாராவி முகவரி, இருமல், காய்ச்சல், எடை குறைவு. இதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் டிபிதான் தோன்றும். எங்கள் சந்திலேயே மூன்று வீட்டில் வந்து போயிருக்கிறது. சளி எடுத்து அனுப்பினார்கள். மாஸ்க் போட்டு ஜன்னல் ஓரக் கட்டிலில் தள்ளிப் படுக்க வைத்தார்கள்.

வார்டு டாக்டர் கேதகி, என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். இந்தியில் விசாரித்துக்கொண்டே எழுதினார். “சிகரெட்? பீடி? மெல்லுகிற புகையிலை? குட்கா?”

நான்குக்கும் இல்லை என்று தலையாட்டினேன். நான்கும் உண்மை. அவர் கேட்காத ஐந்தாவது ஒன்று என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அம்மா முந்திக்கொண்டாள். தன் ஓட்டை இந்தியில், பிள்ளைக்கு ஒரு வருஷமாக வீசிங், தினமும் மருந்து இழுக்கிறாள் என்றாள். டாக்டர் நிமிர்ந்தார். “என்ன இன்ஹேலர் பம்ப்? பெயர் என்ன?”

“முடிஞ்சு போச்சு, மேம்” என்றேன் அவசரமாக. “பெயர் ஞாபகம் இல்லை.”

ஆஸ்துமா என்று எழுதிக்கொண்டார். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை. காகிதத்தில் இருப்பது நடந்தது. என் கண் முன்னாலேயே எனக்கு ஆஸ்துமா வந்துவிட்டது, வேப் இல்லாமல் போய்விட்டது.

திட்டுக்குப் பயந்து மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். பயம் இருந்தது. அதற்குமேல் ஒன்று இருந்தது. வேப் என்று சொன்னால், கடைசியாக எதை இழுத்தாய், எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள். அந்த நீலக் குழாயைக் கொண்டுவந்தது யார் என்று சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவளைக் காட்டி எப்படிச் சொல்வேன்?

தன்வி வேறு குரல் மெசேஜ் அனுப்பினாள். அழுதிருந்தது குரலில் தெரிந்தது. “ஜெஸ்ஸி, ப்ளீஸ்டி, ஆஸ்பத்திரி பேப்பரில் வேப் என்று எழுதிவிட்டால் எச்ஆர் விசாரிக்கும். மாடியில் நின்ற எல்லோரும் மாட்டுவோம்.” ஆபீஸில் என் பெயர் ஜெஸ்ஸி. உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தாள், கடைசியில்.

இரண்டாம் நாள் ஆக்சிஜன் எண் எண்பத்தைந்தானது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, முகத்தை மூடுகிற மாஸ்க், அதில் தொங்குகிற பை என்று மாற்றினார்கள். மூச்சு வாங்குவது ஒரு வேலையாகிப்போனது. ஒரு வாய் கஞ்சி குடித்தால் அந்த வேலை நின்றுவிடும், பிறகு இழுத்துப் பிடிக்க வேண்டும். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், காற்றுக்கு ஏங்குகிற அதே நெஞ்சு வேப்புக்கும் ஏங்கியது. எரிச்சலில் அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. அப்பா டெம்போவுக்கு லீவு சொல்லிவிட்டுக் கீழே வேப்பமரத்தடியில் நின்றார். பார்வை நேரத்தில் மட்டும் தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப்போடு மேலே வருவார். பீடி நாற்றம் எனக்கு ஆகாது என்று, வருவதற்கு முன் வாய் கொப்பளித்து, சட்டையையும் மாற்றியிருப்பார். இரவில் அம்மா கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்துப் படுப்பாள். நான் இருமினால் கீழேயிருந்து கை மட்டும் நீண்டு என் கட்டில் விளிம்பைத் தொடும். அந்தக் கை வரும்போதெல்லாம், விடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். விடிந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பேன். நாவு எழாது.

மூன்றாம் நாள் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. டிபி கிருமி தெரியவில்லை. சிடி ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே, அப்படி ஒரு மங்கல் நுரையீரல் முழுக்க. நான்காம் நாள் காலை டாக்டர் கேதகி என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இல்லை என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

“ஜெபமலர், நேராகச் சொல்கிறேன். இது தொற்று இல்லாத வேறு அழற்சி என்றால் ஸ்டீராய்டு கொடுக்கணும், உடனே. தாமதித்தால் நுரையீரல் அடைத்துப்போகும். ஆனால் டிபி எங்கேயாவது ஒளிந்திருந்தால், ஸ்டீராய்டு கொடுத்தால் அது தீ மாதிரி பரவும். சளியில் தெரியவில்லை என்பதால் மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. காரணம் தெரியாமல் கை வைக்கப் பயமாக இருக்கிறது.”

அதனால் மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, உள்ளேயிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. என் ஆக்சிஜன் அளவில், போன குழாய் வெளியே வரும்போது நான் வெண்டிலேட்டரில் இருக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சம்மதத் தாளை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தமிழில் தன் பெயரை எஸ்தர் என்று எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினாள்.

“இந்தக் குழாவ உள்ள விட்டா பிள்ளைக்கு மூச்சு வந்துருமா, டாக்டர்?” என்று தமிழிலேயே கேட்டாள். டாக்டருக்குப் புரிந்திருக்க வேண்டும், அவள் தோளைத் தட்டிவிட்டு எழுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

அம்மா கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மறைத்தாள். மடியிலிருந்து எதையோ எடுத்தாள். ரோஸ் நிறத்தில், கோடவுனிலிருந்து கொண்டுவந்த மூன்றில் மீதி இருந்த இரண்டில் ஒன்று.

“விடியக்காலம் குளிக்கப் போனேன்லா, அப்ப எடுத்தாந்தேன்” என்று கிசுகிசுத்தாள். “ஒன் மருந்த வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டோம். நாலு நாளா யோசிக்காமப் போயிட்டேன் பாத்தியா. இவிய குடுக்க காத்து ஒனக்குப் பத்தல. முழு சார்ஜ் போட்ருக்கேன். ஒரு இழு இழுட்டி. அந்தக் குழா விடுததுக்குள்ள சரியாயிரும்.”

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அதை என் உதட்டில் வைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி என் உதடு அதன்மேல் மூடியது. தர்பூசணி மணத்தது. நான்கு நாளாகக் கிடைக்காத ஒன்று நாக்கு நுனியில் இருந்தது, இழுத்தால் போதும். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு முதல் கவளம் ஊட்டுகிறவள் மாதிரி அவள் வாயும் லேசாகத் திறந்திருந்தது. நான் தலையைத் திருப்பி அவள் கையைத் தட்டினேன். அது தரையில் விழுந்து உருண்டது. விரல் கிளிப் மாட்டிய மெஷின் கத்த ஆரம்பித்தது.

டாக்டர் கேதகி திரையை விலக்கினார். மாஸ்க்கை என் முகத்தில் ஏற்றினார். பிறகுதான் தரையைப் பார்த்தார். குனிந்து எடுத்தார். “இது என்ன?”

“இதான் டாக்டர் நான் சொன்ன மருந்து” என்றாள் அம்மா இந்தியில். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “நான்தான் சார்ஜ் போட்டேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் பேசினேன். அம்மாவுக்குப் புரியாத பாஷை எனக்குத் தெரிந்ததில் அது ஒன்றுதான். மூச்சு வாங்க வாங்க, இரண்டிரண்டு சொல்லாக. அது மருந்து இல்லை. ஆஸ்துமா இல்லை. ஒன்றரை வருஷமாக. கடைசியாக ஒரு நீல நிறம், குப்பையிலிருந்து வந்தது, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. கூட வந்த இன்னொன்று வீட்டில் இருக்கும்.

அவர் திட்டவில்லை. “இதை முதல் நாளே சொல்லியிருந்தால்” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். கேஸ் பேப்பரை எடுத்து ஆஸ்துமா என்பதை ஒரே கோடாக அடித்தார். மேலே வேப் என்று எழுதினார். ஆபீஸில் நான் போடுகிற எண்ணை வேறு ஒருவர் கையெழுத்தில் பார்ப்பதுபோல இருந்தது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். குழாய் விடுவதைத் தள்ளி வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு முதல் ஸ்டீராய்டு ஊசி என் கையில் ஏறியது.

போகும்போது டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். “இன்னும் ஒன்று வீட்டில் இருக்கும் என்றாய். அது எனக்கு வேண்டும். உன் அம்மாதான் போய் எடுத்துவர வேண்டும். எதற்கு என்று நீதான் அவரிடம் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

அம்மா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி இவ்வளவு நேரம் நின்றிருந்தாள்.

“அம்மா, அது மருந்து இல்ல.”

“பெறவு?”

“பீடி மாதிரி. கரண்டுல ஓடுத பீடி.”

அதை வைத்திருந்த மடியைத் தொட்டுப் பார்த்தாள். “அப்ப நான் மூட்டையிலருந்து கொண்டாந்தது?”

“அதுவும்தான்.”

“நான் சார்ஜ் போட்டது?”

தலையாட்டினேன். “வீட்டுல மிச்சம் ஒண்ணு இருக்குல்லா, அத டாக்டர் சோதிக்கக் கேக்காங்க.” அவள் என் போர்வையை இழுத்துச் சரி செய்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஒரு மணி நேரம் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைவிட நீளமான எதையும் நான் அந்த ஆஸ்பத்திரியில் பார்க்கவில்லை. பார்வை நேரத்துக்கு அப்பா மேலே வந்தார். அவருக்குச் செய்தி போயிருந்தது. கட்டில் கால்மாட்டில் நின்று தலையைச் சொறிந்தார்.

“நான் முப்பது வருசமாக் குடிக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல. ஒனக்கு என்னட்டி?” என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. சட்டைப் பையைத் தடவினார், பீடிக் கட்டு கையில் பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மீதி இருந்த ஒன்றைத் துணியில் சுற்றி நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“பொய் சொன்ன, சரி. சின்னப்புள்ளையிலருந்து எம்புட்டோ சொல்லிருக்க. என்னைய என்னத்துக்குட்டி சார்ஜ் போட விட்ட?”

மாஸ்க்கின் பட்டையை இழுத்துச் சரி செய்தேன்.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு எண் எண்பத்தொன்பது. மறுநாள் தொண்ணூற்றொன்று. எண் ஏற ஏற அம்மா பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் சுற்றி நின்று என் வீசிங் நீங்க ஜெபம் பண்ணியபோது, “வீசிங் இல்ல, பொய்யி. அத எடுத்துட்டு ஜெபம் பண்ணுங்க” என்று நடுவிலேயே சொன்னாள். அவர்கள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். நீலக் குழாய்தான் காரணமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். விலையைக் குறைக்க எண்ணெயில் எதை எதையோ கலந்து அடைக்கிறார்கள், அதுவாக இருக்கலாம், ஒன்றரை வருஷம் இழுத்ததாகவும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அம்மா அது நீலம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். தப்பெல்லாம் என்னுடையது என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியில் பழக்கத்தை விடுவதற்கென்று பேசுகிற ஒரு அம்மாள் இருந்தார். எந்த நேரத்தில் இழுக்கத் தோன்றும் என்று கேட்டார். வேலை நெருக்கடியில், ரயிலில் என்று ஆரம்பித்து, கடைசியில், “யாராவது என் வீடு எங்கே என்று கேட்டால்” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலம் தன்விக்கு மெசேஜ் போட்டேன். பேப்பரில் எழுதியாகிவிட்டது, உங்கள் யார் பெயரும் இல்லை. இன்னொன்று, என் வீடு மாட்டுங்காவில் இல்லை, தாராவி. படித்துவிட்டாள் என்று இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். அடுத்த ஞாயிறு தன்வி எங்கள் சந்துக்கு வந்து நின்றாள். மூன்று இடத்தில் வழி கேட்டிருக்கிறாள். முகம் மாறுகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தேன். குனிந்து நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வருவதிலேயே அவள் கவனம் முழுக்க இருந்தது. அம்மா டீ கொடுத்தாள். தன்வியின் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒனக்கும் வீசிங்காம்மா?” என்று தமிழில் கேட்டாள். தன்வி என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

கோடவுனில் அம்மா இப்போது அந்தக் குழாய்களுக்கென்று தனிச் சாக்கு வைத்திருக்கிறாள். கூட வேலை பார்க்கிற பெண்களை அதைத் தொட விடுவதில்லை. நான் ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டேன். மொட்டை மாடிக்குப் போவதில்லை. போகத் தோன்றாத நாள் இல்லை. காலையில் அம்மா வாசலில் நிற்கிறாள். டப்பா எடுத்தியா, ஐடி கார்டு எடுத்தியா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

டாக்டர் கேதகி போன மாதம் நிஜமான பம்ப் ஒன்று எழுதிக் கொடுத்தார். நுரையீரல் முழுதாக விரிய இன்னும் சில மாதம் ஆகும், அதுவரை காலையும் மாலையும் இழுக்க வேண்டும். மெடிக்கலில் அம்மாவும் கூட வந்தாள். கடைக்காரரைப் பெட்டியில் எழுதியிருப்பதை முழுக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். வீட்டுக்கு வந்து நான் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் பெட்டியைப் பிரித்திருந்தாள். கடைக்காரர் காட்டிய மாதிரியே குலுக்கினாள். மோந்து பார்த்தாள். நான் தடுப்பதற்குள் தன் வாயில் வைத்து அழுத்தி இழுத்துவிட்டாள்.

இருமினாள். கண்ணில் நீர் வந்தது. சுவரில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்து, தனக்கு என்ன ஆகிறது என்று இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கசக்குட்டி” என்றாள். “மருந்துதான். இழு.”

துடைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினாள்.